கூட்டிலிருந்து தள்ளுவது யார்?

மிம்பரில் நின்று சொன்ன ஒரு கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிய நிலை எனக்கு வந்தது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கதை நம்மில் பலரும் கேட்டதுதான். இறகு முளைத்ததும் கழுகு தன் குஞ்சைக் கூட்டிலிருந்து கீழே தள்ளிவிடுமாம்; விழுகிற வேகத்தில் குஞ்சு சிறகடிக்கக் கற்றுக்கொள்ளுமாம்; கற்காவிட்டால் தாய் பாய்ந்து வந்து முதுகில் தாங்குமாம். பிள்ளைகளைச் செல்லம் கொடுத்துக் கெடுக்காதீர்கள் என்பதற்காக ஒரு ஜும்ஆவில் இதை விரிவாகச் சொன்னேன். ஜமாஅத்தாருக்கும் பிடித்திருந்தது.

சில மாதங்கள் சென்றபின், பல ஆண்டுகள் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர் தொழுகை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத், நீங்க சொன்ன கழுகு மாதிரியே செஞ்சுட்டேன். பன்னிரண்டாவது முடிச்ச பயலை, இனிமே இந்த வீட்டுச் சோத்தை எதிர்பார்க்காதேன்னு சொல்லி அனுப்பிட்டேன். திருப்பூர்ல இருக்கானாம்" என்றார். போன் பேசுகிறானா என்று கேட்டேன். "அவன் அம்மாகிட்டகூடப் பேசுறதில்ல" என்றவர், என் கையை விட்டுவிட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி பார்க்காத ஒரு கதை, ஒரு வீட்டின் கதவைச் சாத்திவிட்டது.

புதுக்கோட்டை நகரில் நான் இமாமாக இருக்கும் பள்ளிவாசலுக்குப் பின்புறம் பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. மறு பங்குனியில் அதன் உச்சிக் கவட்டில் ஒரு ஜோடி வல்லூறு கூடு கட்டிற்று. புறா அளவேயான சிறு வல்லூறு. பறவை நூல்களில் வைரி என்றும் உருதுவில் ஷிக்ரா என்றும் சொல்வார்கள். பெட்டை பெரியது, ஆண் சிறியது, கண் நல்ல சிவப்பு. காகத்தின் கூட்டைப்போல் வெறும் சுள்ளிகளின் அடுக்குதான் வீடு. கீழே பஸ் ஹாரன் ஓயாத தெரு; மேலே அது பாட்டுக்கு அடைகாத்தது. ஆண் பறவை ஓணானும் எலியும் சிட்டுக்குருவியும் கொண்டுவந்து கொடுத்தது.

மூன்று குஞ்சுகள் பொரித்தன. ஸுப்ஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் மாடியில் நின்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தள்ளிவிடும் நாளைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் முதலில் நின்றேன். அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

வைகாசியில் குஞ்சுகள் தாமாகவே கூட்டை விட்டு நடந்து பக்கத்துக் கிளைக்கு வந்தன. கிளையைப் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே சிறகடித்தன. ஒன்று அடுத்த கிளைக்குத் தாவி, பிடி தவறித் தலைகீழாகத் தொங்கி, எப்படியோ ஏறிக்கொண்டது. தாய்ப்பறவை ஓணானை நகத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து கத்தும். குஞ்சுகளும் கத்தும். நெடுநேரம் எவையும் வராவிட்டால் தாயே வந்து கொடுத்துவிடும். நான்கைந்து நாளில் குஞ்சுகள் தொட்டிக்குப் பறந்தன. பிறகு தாய் தொட்டியில் உட்காருவதில்லை. தெருமுனைப் புளியமரத்தில் உட்கார்ந்தது. சாப்பாடு ஒருநாளும் நிற்கவில்லை. அது கிடைக்கும் இடம்தான் நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டே போயிற்று.

மூன்றில் ஒன்று பிழைக்கவில்லை. ஹவுளின் ஓரத்தில் விழுந்துகிடந்ததை மோதினார் கூடையில் வைத்துச் சுவரின்மேல் ஏற்றிவிட்டார். காகங்கள் சூழ்ந்தன. பெற்ற இரண்டும் கத்திக்கொண்டே பாய்ந்து பாய்ந்து விரட்டின. மறுநாள் இறகுகளைத்தான் கண்டோம். முதுகில் தாங்க எதுவும் வரவில்லை.

எஞ்சிய இரண்டும் தட்டானைத் துரத்தின. ஓணான்மேல் பாய்ந்து வெறும் இலையைப் பற்றின. ஆடி பிறந்தபோது அவை அந்தப் பக்கமே வரவில்லை.

பறவையிடமா மார்க்கம் கற்பது என்று சிலர் கேட்கலாம். பறவை ஷரீஅத்துக்கு ஆதாரம் ஆகாது, உண்மைதான். ஆனால் தன் சகோதரனின் ஜனாஸாவை என்ன செய்வதென்று அறியாமல் திகைத்த ஆதம் (அலை) அவர்களின் மகனுக்கு அல்லாஹு தஆலா ஒரு காகத்தை அனுப்பித்தான் காட்டினான் என்பது திருமறையின் ஐந்தாம் சூராவில் இருக்கிறது. பார்த்துக் கற்பதில் இழுக்கில்லை. பார்க்காமல் சொன்னதுதான் என் பிழை.

இதே இனத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெரிய வல்லூறு ஒன்று அமெரிக்காவில் அழியும் நிலைக்குப் போயிற்று. டி.டி.டி. மருந்தினால் முட்டை ஓடு மெலிந்து, 1960-களின் நடுவில் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் அது கூடு கட்டுவதே நின்றுவிட்டது. 1972-இல் அந்த மருந்தைத் தடுத்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாம் கேட் என்னும் அறிஞர் 1970-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, அடைத்து வளர்த்த பறவைகளின் குஞ்சுகளை மலைமுகட்டிலும் நகரத்து மாடிகளிலும் பெட்டி வைத்து விடச் செய்தார். தாயில்லாத குஞ்சுக்கு மனிதன் எப்படித் தாயாவது? பெட்டியைத் திறந்து விரட்டினார்களா? இல்லை. தங்கள் முகம் தெரியாமல் குழாய் வழியே உணவு போட்டார்கள். பெட்டியைத் திறந்து குஞ்சு பறந்த பின்னும் வாரக்கணக்கில் அதே இடத்தில் உணவு வைத்தார்கள். தானே வேட்டையாடத் தெரிந்த பறவை ஒருநாள் உணவுக்கு வராது, அதோடு சரி. 1999-இல் அந்த வல்லூறு ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. இவ்வளவு பேணியும், வல்லூறுக் குஞ்சுகளில் பாதிக்கு மேற்பட்டவை முதல் ஆண்டைக் கடப்பதில்லை.

நம் கிதாபுகளுக்கு வருவோம். அநாதைகளைச் சோதித்துப் பாருங்கள், அவர்களிடம் ருஷ்து, அதாவது விவேகம், தென்பட்டால் சொத்தை ஒப்படையுங்கள் என்ற கட்டளை அந்நிஸா சூராவின் 6-ஆம் ஆயத்தில் வருகிறது. சோதனை எப்போது? பருவமடையும் முன்பே என்பதுதான் மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தேர்ந்த சொல். வியாபாரியின் மகனைக் கடைவீதிக்கு அழைத்துச் சென்று பேரம் பேசவிட வேண்டும். ஆனால் கொள்முதலை முடிப்பவர் பக்கத்தில் நிற்கும் வலீ. பெண் பிள்ளையை நூல் நூற்பதிலும், பூனையிடமிருந்து சாப்பாட்டைக் காப்பதிலும் சோதிக்க வேண்டும். மதரஸாவில் ஓதும்போது இந்தப் பூனை வந்த இடத்தில் நாங்கள் சிரித்திருக்கிறோம். ஒருமுறை பார்த்தால் போதாது, இரண்டு முறையோ அதற்கு மேலோ பார்க்கவேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. புளியமரத்தில் ஓணானோடு உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்தபோது இந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு மகனை மடியிலேயே வைத்திருக்கும் வீட்டார் மகிழ வேண்டாம். அத்தா துபாயில் வெயிலில் நிற்க, இருபத்தைந்து வயதுப் பையன் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் காசு கேட்கும் வீடுகள் நம்மிடம் குறைவா? விவேகம் தெரியாவிட்டாலும் இருபத்தைந்து வயதில் சொத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்). அவர்களின் இரு மாணவர்கள் அதில் மாறுபட்டார்கள். எப்படியும், அந்த வயதுக்கு மேலும் கூட்டில் உட்கார்ந்திருப்பதை யாரும் தவக்குல் என்று சொல்லவில்லை. தவக்குலுக்கு உதாரணமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய பறவையும் காலையில் வெறும் வயிற்றோடு வெளியே போகிற பறவைதான்.

அடுத்த ஜும்ஆவில், முன்பு நான் சொன்ன கழுகுக் கதை சரியில்லை என்று மிம்பரிலேயே சொன்னேன். முன்வரிசையில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். சவூதியிலிருந்து வந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போனபின், "அவனே பேசட்டும் ஹஜ்ரத்" என்றார்.

ஹனபி நூல்களில் வேட்டைப் பிராணிகளைப் பற்றி வரும் ஒரு சட்டத்தை அவரிடம் சொன்னேன். நாய் பயிற்சி பெற்றதா என்பதற்கு, பிடித்ததைத் தின்னாமல் மூன்று முறை விட்டுவைப்பது அடையாளம். வல்லூறுக்கு அப்படி இல்லை. நாயை அடித்துப் பழக்கலாம், வல்லூறின் உடல் அடியைத் தாங்காது. ஆகவே அழைத்தால் திரும்பி வருவதே அதற்கு அடையாளம் என்கிறார்கள். "வருகிறதா இல்லையா என்பது பிறகு. முதலில் யாராவது அழைக்க வேண்டுமே?" என்றேன்.

அவர் அங்கேயே போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பையன் எடுக்கவில்லை. மறுநாள் மக்ரிபுக்குப் பின் வந்து, திருப்பூரில் அறைக்கு முன்பணம் கட்டவேண்டுமாம், முழுவதையும் அனுப்புவதா, பாதியை அவனே சம்பாதித்துக் கட்டட்டும் என்று விடுவதா என்று என்னிடம் கேட்டார்.