சலுகையும் நீதியும்: கூடைப்பந்து நடுவரை முன்னிட்டு ஒரு சிந்தனை

விளையாட்டைப் பற்றி எழுதினால் அது சிறுவர் பகுதிக்கு உரியது என்று கருதுவோர் நம்மவரில் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவதற்குப் பல மாதங்கள் செல்லும். ஆடுகளத்திலோ ஒரு நொடிக்குள் குற்றம் நிகழ்ந்து, விசாரணை நடந்து, தீர்ப்பும் வழங்கப்பட்டு விடுகிறது. அங்கே சாட்சியும் நீதிபதியும் ஒருவரே. ஆகவே, நீதி என்பது யாது என்று ஆராயப் புகுவோர்க்கு ஆடுகளம் தகுந்த இடமேயாகும்.

கூடைப்பந்தாட்டம் நம் வாசகர்களுக்குப் புதியதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனப் பள்ளிகளின் திடல்களில் அது நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகின்றது. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் ஆடவர் அணியும் அவ்வாட்டத்தில் கலந்துகொண்டது. அதில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாகாது, ஓடலாகாது. மீறினால் அதனை 'டிராவலிங்' என்பர். நடுவர் விசிலை ஊதித் தம் இரு முட்டிகளையும் ஒன்றையொன்று சுற்றிச் சுழற்றிக் காட்டுவார். பந்து எதிரணிக்குப் போய்விடும். தண்டனை சிறிதுதான். ஆனால் அத்தீர்ப்பில் அடங்கிய வினா சிறிதன்று. விதி ஒன்று இருக்கும்போது நடுவர் எவருக்கேனும் சலுகை காட்டலாமா? காட்டலாமெனில் அச்சலுகைக்குரிய இடம் எது?

இவ்விதி பிறந்த கதையை முதலில் நோக்குவோம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டவர் இவ்வாட்டத்தை வகுத்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் கூடத்தினுள்ளே ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. ரக்பி போன்ற ஆட்டங்களில் பந்தை ஏந்தி ஓடுபவனைத் தடுக்க அவனைப் பற்றி வீழ்த்துகிறார்கள். கூடத்தின் கடினமான தரையில் அவ்வாறு வீழ்த்தினால் உடலுக்கு ஊறு நேரும். ஓடுவதையே விலக்கிவிட்டால் வீழ்த்துவதற்குக் காரணமே இல்லையன்றோ என்று அவர் எண்ணினார். எனவே, பந்தோடு ஓடலாகாது என்னும் கட்டளை வெறும் சடங்கன்று; ஒருவன் உடலை மற்றொருவன் முறிக்காதிருப்பதற்காக இடப்பட்ட வேலி அது.

1892 ஜனவரியில் அப்பள்ளியின் இதழில் வெளிவந்த பதின்மூன்று விதிகளுள் மூன்றாவது இது. பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று கூறிய நெய்ஸ்மித், அதே விதியில் இன்னொன்றும் சேர்த்தார். விரைந்து ஓடும்போது பந்தைப் பிடித்தவன் நிற்பதற்கு முயல்வானாயின் அவனுக்குச் சற்று இடங்கொடுக்க வேண்டும் என்பதே அது. ஓடுகிறவன் கல்லைப்போல் சட்டென்று நிற்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆக, விதியும் சலுகையும் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தின் இரு பகுதிகளாகப் பிறந்தன. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி இன்றைய விதி யாதெனப் பார்ப்போம். இரு காலும் தரையிலிருக்க நின்றபடி பந்தைப் பெற்றவன், ஒரு காலை எடுத்தவுடன் மற்றது அவனுடைய ஊன்றுகாலாகிவிடும். எடுத்த காலை எத்திசையிலும் எத்தனை முறையும் மாற்றி வைக்கலாம். ஊன்றுகால் தன் இடத்தை விடலாகாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு புறப்பட எண்ணினால், ஊன்றுகால் எழுவதற்கு முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். தோழனுக்கு எறியவோ கூடையில் இடவோ எண்ணினால் ஊன்றுகாலை எடுக்கலாம்; ஆயினும் பந்து கையை விடுமுன் அக்கால் மீண்டும் தரையைத் தொடலாகாது. ஓடிவரும்போது பந்தைப் பிடித்தவனுக்கு இரண்டடி உண்டு. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடைமுறைப்படுத்திய திருத்தத்தின்படி, பந்து கைவசமாகும் கணத்தில் தரையிலிருக்கும் கால் கணக்கில் சேராது. அதன் பின்னர்த் தரையைத் தொடும் காலே முதலடியாகும்.

படிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். களத்திலோ நடுவருடைய கண் காலையும் பார்க்க வேண்டும். கையையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை தொடங்குவது கையிலே. குற்றம் முடிவது காலிலே. பந்து எப்பொழுது வசமாயிற்று என்பதில் இமைப்பொழுது பிசகினாலும் இரண்டடி மூன்றடியாகிவிடும், மூன்றடி இரண்டடியாகிவிடும். அதற்கிடையில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். சுற்றிலும் நிற்போர் கூச்சலிடுகிறார்கள்.

இந்நிலையில் நடுவர் இருவகையாக வழுவக்கூடும். காணாததைக் கண்டதாகக் கொண்டு விசிலை ஊதுவது முதல்வகை. கண்டதைக் காணாததாகக் கொண்டு விட்டுவிடுவது இரண்டாம் வகை.

முதல்வகை வழு பெரும்பாலும் கண்ணுக்குப் பழக்கமில்லாத அசைவினால் நேர்கிறது. 1989-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்ற லித்துவேனியா நாட்டு சாருனாஸ் மார்சியுலியோனிஸ் என்பவர், ஓரடியை ஒரு புறமும் அடுத்த அடியை மறுபுறமும் வைத்துக் காவலனை ஏய்த்துக் கூடையை நெருங்குவதில் வல்லவர். பிற்காலத்தில் அந்நடைக்கு 'யூரோ ஸ்டெப்' என்று பெயர் வந்தது. அடிகள் இரண்டே. ஆயினும் முதன்முறை காண்பவன் கண்ணுக்கு அது மூன்றடிபோலத் தோன்றும். மற்றொன்று சொல்வோம். வழுக்கி விழுந்தவன் பந்தோடு தரையில் சறுக்கிச் சென்றால், பார்ப்பவர் அனைவரும் 'டிராவலிங்' என்று கத்துவார்கள். சர்வதேச விதிப்படி அது குற்றமன்று. பந்தைப் பிடித்தபடியே உருண்டாலோ, எழ முயன்றாலோதான் குற்றம். அழகின்மை வேறு, குற்றம் வேறு. விந்தையாயிருப்பதெல்லாம் விலக்கப்பட்டதாகுமா? நம் சமூகத்திலும் வழக்கத்துக்கு மாறாக நடந்தான் என்ற ஒன்றையே குற்றமாக்கி ஒருவனை இகழ்வதைக் காண்கிறோமல்லவா? அவன் ஊன்றுகால் எழுந்ததா என்று கேட்பாரில்லை.

இதே வழு இன்னொரு வடிவிலும் வரும். முன்னாளில் ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் கிராணி ஒருவர், இவன் நாள்தோறும் குறைவாகவே கொண்டுவருபவன் என்ற நினைப்பில் தராசு முள்ளைப் பாராமலே எடையை எழுதியிருந்தால், அன்று அதிகம் கொண்டுவந்தவனின் உழைப்பு என்னாயிருக்கும்? முன் ஆட்டத்தில் இருமுறை பிழைசெய்தவன் இம்முறையும் செய்திருப்பான் என்று விசிலை ஊதும் நடுவர் அந்தக் கிராணியின் வேலையையே செய்கிறார். அவர் ஆளைத் தீர்ப்பிடுகிறார், காலையன்று.

இரண்டாம் வகை வழுவுக்குக் காரணம் பெரும்பாலும் புகழ். பேர்பெற்ற ஆட்டக்காரன் கூடையை நோக்கிப் பாய்கிறான். மூன்றடி வைத்தான் என்று நடுவர் தெளிவாகக் காண்கிறார். ஆயினும் கூட்டம் வந்ததே அவனைக் காண்பதற்கன்றோ, ஓரடிக்காக ஏன் ஆட்டத்தைக் கெடுக்க வேண்டும் என்று வாயிலிருக்கும் விசில் மௌனமாகிவிடுகிறது. அதே மூன்றடியை மறுபக்கத்துப் பெயரறியாத இளைஞன் வைத்தால் உடனே ஒலிக்கிறது. அவ்விளைஞன் இழந்தது பந்து மட்டுமன்று. விதி தனக்கும் அவனுக்கும் ஒன்றே என்ற நம்பிக்கையையும் இழந்தான். அந்நம்பிக்கை போனபின் அவன் ஏன் விதியை மதிக்க வேண்டும்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 'இருவர் உடல் உராய்வதை நடுவர்கள் எல்லாச் சமயத்திலும் தண்டிப்பதில்லையே. அதனால் எவருக்கேனும் நியாயமற்ற லாபமோ நஷ்டமோ உண்டாயிற்றா என்று சீர்தூக்கியன்றோ ஊதுகிறார்கள்? அடிக்கும் அந்த அளவுகோலையே வைத்தால் என்ன?' என்று கேட்பர். நியாயமான கேள்விதான். நாம் கூறும் விடை இது. பத்துப் பேர் ஓடும் களத்தில் உடல்கள் தற்செயலாக உராய்வது இயல்பு. அதன் விளைவைக் கொண்டே அதன் தன்மையை அறிய முடியும். கூடுதல் அடியோ அவ்வாறன்று. எதிரி விட்டுக்கொடாத இடத்தை அவ்வடியே கைப்பற்றிவிடுகிறது. அதனால் லாபமில்லை என்று ஒவ்வொரு முறையும் நடுவரே முடிவு செய்யத் தொடங்கினால், விதி இருக்குமிடம் நூலன்று, அவர் மனம் என்றாகிவிடும்.

அங்ஙனமாயின் சலுகைக்கே இடமில்லையா? உண்டு. அதன் இடம் விதிக்குள்ளே. நெய்ஸ்மித் தம் சலுகையை ஒளித்து வைக்கவில்லை. எவன் ஓடிவந்தாலும் அவனுக்கு உண்டு என்று எழுதி வைத்தார். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம், தன் நடுவர்கள் நடைமுறையில் அனுமதித்து வந்த இரண்டடியை 2009-ஆம் ஆண்டில் விதிநூலில் வெளிப்படையாக எழுதியது. 2017-ஆம் ஆண்டுச் சர்வதேசத் திருத்தமும் இத்தகையதே. விதி கடுமையாயிருந்தால் அதனை எல்லோரும் அறியத் தளர்த்துவதே நேர்மை. எழுதி எல்லோர்க்கும் அளிக்கும் சலுகை நீதியின் பகுதி. விசிலுக்குள் மறைத்து ஒருவனுக்கு மட்டும் அளிக்கும் சலுகை, மற்றவனிடமிருந்து திருடியதேயாகும்.

சந்தேகம் வரும்போது நடுவர் என் செய்வது? காணாததை ஊதலாகாது என்பதே நம் துணிபு. நிகழ்ந்த குற்றம் ஒன்று தப்பினால் ஒரு லாபம் முறைகேடாகப் போயிற்று, அது தீமையே. நிகழாத குற்றத்துக்குத் தண்டனை விதித்தாலோ, குற்றமற்றவன் தண்டனை பெறுவதோடு, கண்டேன் என்று நடுவர் பொய்ச்சாட்சியும் சொன்னவராகிறார். ஆனால் இச்சந்தேகம் சோம்பலின் பிள்ளையாயிருத்தல் கூடாது. ஒரு நடுவர் கூடைக்குக் கீழுள்ள எல்லைக்கோட்டருகிலும், மற்றவர் ஆட்டத்தின் பின்னாலும் நின்று, ஆட்டம் நகர நகரத் தாமும் நகர்வது எதற்காக? ஒருவர்க்கு மறைவது மற்றவர்க்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. ஓடிச்சென்று நல்ல இடத்தில் நின்று, பந்து வந்தவுடன் ஊன்றுகால் எது என்று முதலிலேயே குறித்துக்கொண்டு, அப்படியும் தெளிவாகக் காணாதவர் சந்தேகத்தின் பலனை ஆட்டக்காரனுக்கு அளிக்கலாம். நின்ற இடத்திலேயே நின்றவர்க்கு அந்த உரிமை இல்லை.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதில் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோலுக்குக் கண் இல்லை. ஆதலால் தட்டில் பொருளை வைத்தவன் யாரென்று அது அறியாது. நடுவருக்கோ கண் உண்டு. அக்கண் ஆளையும் காணும், புகழையும் காணும், கூட்டத்தின் கோபத்தையும் காணும். அனைத்தையும் கண்டும் காலை மட்டுமே கணக்கில் எடுப்பதுதான் அவர் கடமை. கோலினும் கடினமான வேலை அது.

பார்வையாளராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் அணிக்காரன் மூன்றடி வைத்தபோது வாய் மூடியிருந்து, எதிரணிக்காரன் இரண்டடி வைத்தபோது கூச்சலிடுகிறோம். அவ்வாறு கூச்சலிட்டுவிட்டு நடுவர் நேர்மையாயிருக்க வேண்டும் என்று கோருவது எவ்விதத்தில் நியாயம்? அடுத்த முறை திடலுக்குச் செல்லும் வாசகர்கள், பந்தைச் சற்று மறந்து, நம் பிள்ளைகளின் ஊன்றுகாலையும் எதிரணிப் பிள்ளைகளின் ஊன்றுகாலையும் ஒரே கண்ணால் நோக்கிப் பழகுவார்களாக. அப்பழக்கம் திடலோடு நின்றுவிடாது. பஞ்சாயத்திலும் சங்கத்திலும் வீட்டிலும் நம்மிடம் தீர்ப்புக் கேட்டு வருவோர்க்கு அது பயன்படும்.