கேட்டபின் திருத்தலாம்

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2008-இல் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றியபோது, கணினி தவறாகப் படித்த வரிகளைத் திருத்தித் தருமாறு வாசகர்களை அழைத்தது. சிட்னி மார்னிங் ஹெரால்டு, மெல்பர்ன் ஆர்கஸ் பக்கங்களைத் தன்னார்வலர்கள் இன்றும் அந்நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் வரிவரியாகச் செப்பனிடுகிறார்கள்.

அது கேட்டுப் பெற்ற உதவி. கேட்காமலே திருத்துவது வேறு.

சிட்னியில் வளரும் ஒரு மாணவி, கல்கியின் நாவல் நாயகன் வந்தியத்தேவனை வைத்துப் புதுக்கதை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்கியின் கதையை விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் தொடர்ந்த அதே ஆசைதான். வாரம் ஒருநாள் மட்டுமே தமிழ்ப் பள்ளி போகிறவள், ‘குதிரை பறந்தன’ என்று எழுதிவிடுகிறாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒருமை பன்மையை மட்டும் சுட்டினால், அடுத்த அத்தியாயம் வருவது சந்தேகமே.

அவள் கதையில் வந்தியத்தேவன் மதிலேறும் இடம் பிடித்திருந்தால் அதை முதலில் சொல்லலாம். பிறகு, ‘பிழை பார்த்துத் தரட்டுமா?’ என்று கேட்கலாம். வேண்டாம் என்றால், விட்டுவிடலாம்.