மெய்யியற் பிரிவுகளும் கிறித்தவ நம்பிக்கையும்: தீமைச் சிக்கலை முன்வைத்து

மெய்யியலின் தலைமைப் பிரிவுகளுள் இருப்பியல், அறிவாய்வியல், அறவியல் ஆகிய மூன்றும் கிறித்தவ நம்பிக்கையை வெவ்வேறு வினாக்களால் எதிர்கொள்கின்றன.

இறைவன் உண்டோ என்பது இருப்பியலின் வினா. அதனை அறிவால் நிறுவவியலுமோ என்பது அறிவாய்வியலின் வினா. இறையுண்மையை அறிவு நிறுவும். மூவொருமைக் கோட்பாடோ இறைவெளிப்பாட்டினால் மட்டுமே உணரப்படும் எனத் தாமசு அக்குவினாசு (1225-1274) எல்லை வகுத்தார். இம்மானுவேல் காண்ட் (1724-1804) அந்நிறுவலை மறுத்து, இறையுண்மையை அறவாழ்வு வேண்டும் எடுகோளாகக் கொண்டார்.

தீமை பற்றிய வினாவில் இம்மூன்றும் ஒருங்கே சந்திக்கின்றன. தீமை தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே என்றார் அகுசுதீன் (354-430). தீமையையும் இறைவனே படைத்தாரோ என்னும் ஐயத்தை இவ்விளக்கம் நீக்கும். எனினும், 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, லிசுபன் நகர நிலநடுக்கத்தில் வழிபட்டுக்கொண்டிருந்தோர்மீதே ஆலயங்கள் இடிந்து வீழ்ந்தன. அவர்தம் உறவினர்க்கு இவ்விளக்கம் விடையாகுமோ?

விவிலியத்தின் யோபு நூல் ஈண்டுக் கருதத்தக்கது. துன்பம் பாவத்தின் பயனே என நண்பர்கள் இறைவன் சார்பில் வாதிடுகின்றனர். யோபு இறைவனிடமே முறையிடுகிறார். யோபையும் வினாக்களால் அடக்கும் இறைவன், இறுதியில் நண்பர்களையே சினந்து, யோபின் பேச்சை ஏற்கிறார். துன்புறுவோர்மேல் குற்றஞ்சாட்டி இறைநீதியைக் காக்க முயல்வது அந்நீதிக்கே இழுக்கு என்பது இதனாற் பெறப்படும்.

தீமைக்கு விளக்கம் தேடுதல் இருப்பியலின் உரிமை. அதனை யாரிடம், எப்போது உரைக்கலாம் என வரையறுத்தல் அறவியலின் கடமை. இவ்வேறுபாட்டை மறவாத நம்பிக்கையே துன்புறுவோர் முன் நிற்கும் தகுதி உடையதாகும்.