சட்டமன்ற உறுப்பினரும் நலமுரணும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தம் சொந்த வருவாயைத் தொடும் பொருளில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்களிக்கலாமா? தன்னலமும் பொதுக்கடமையும் ஒருவரிடத்தே எதிர்ப்படும் இந்நிலையை நலமுரண் என்பர். இதில் சட்டம் எங்கு நின்றுவிடுகிறது, அறம் எங்குத் தொடங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் எல்லை

அரசமைப்பின் 191ஆம் உறுப்பு, அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்போரைச் சட்டமன்ற உறுப்பினராக இருக்கும் தகுதியினின்று விலக்குகிறது. ஆயின், எப்பதவிகளுக்கு இத்தடை பொருந்தாது என அறிவிக்கும் உரிமையை அச்சட்டமன்றத்திற்கே அளிக்கிறது. தடைக்கு உட்பட்டோரே தடையைத் தளர்த்தலாம் என்பது தன்னளவில் ஒரு நலமுரணே எனலாம்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 9அ பிரிவில், அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசுப்பணி நிறைவேற்றவோ ஒப்பந்தம் கொண்டோரை விலக்குகிறது. சுரங்கக் குத்தகை அத்தகைய ஒப்பந்தமன்று என உச்சநீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. எனவே, கல்குவாரிக் குத்தகையாளராகிய உறுப்பினர் கனிமக் கட்டணம் குறித்த சட்டமுன்வடிவிற்கு வாக்களிப்பதை இவ்விரு விதிகளும் தடுப்பதில்லை.

கல்வெட்டுச் சான்று

முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலையினின்று விலக்கியது. நிலவுடைமை கொண்ட பிராமணர் சபைக்குரிய அவ்விதியை இன்றைய மக்களாட்சிக்கு முன்மாதிரியாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், நலன் ஒருவரோடு நில்லாது உறவின்வழியும் பாயும் என்னும் அதன் தெளிவு கருதத்தக்கது.

ஒரு தடை, ஒரு விடை

நிலமுடைய உழவர் வேளாண் சட்டத்திற்கு வாக்களித்தலும் நலமுரணாகுமோ எனின், ஆகாது. மக்களவையின் 371ஆம் விதி இதற்கு விடை தருகிறது. ஒருவரின் வாக்கை மறுக்க வேண்டுமாயின், அந்நலன் அவர்க்கே நேரடியாக உரியதாக இருத்தல் வேண்டும். பொதுமக்களோடோ ஒரு பிரிவினரோடோ பகிர்ந்துகொண்டதாக இருத்தலாகாது. உழவரின் நலன் ஒரு பிரிவினரின் குரல். அதனை ஒலிக்கவே அவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

முடிவுரை

நலன் உடைமை குற்றமன்று. அதனை மறைத்து நடுவர்போல் அமர்தலே குற்றம். நலனுடைய உறுப்பினர் விவாதத்தில் பங்கேற்கும் முன் அதனை அறிவித்தல் வேண்டும் என்கிறது மாநிலங்களவையின் 294ஆம் விதி. தம் நடைமுறை விதிகளைத் தாமே வகுக்கும் உரிமை, 208ஆம் உறுப்பின்படி, சட்டமன்றங்களுக்கு உண்டு. குடும்பத்தார் நலனையும் சேர்த்து அறிவிக்கும் விதியை அவை மேற்கொள்ளலாம். வள்ளுவர் அறத்துப்பாலில் தனி அதிகாரமாக வகுத்த நடுவுநிலைமை, பேரவையில் இவ்வெளிப்படையிலிருந்தே தொடங்குதல் கூடும்.