நினைவில் நில்லாப் பயணம்

கோடை விடுமுறை தொடங்கியதும் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் குடும்பங்கள் மேற்கே மலையை நோக்கிப் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு அணைகள் உள்ளன. அங்கே கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு, பிள்ளைகளை விளையாடவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்புவர். இன்று இவ்வழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துள்ளது. 2012-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானப் போக்குவரத்து தொடங்கியது. அதன்பின் துபாய், சிங்கப்பூர் என வழிகள் விரிந்தன. தவழும் குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு கடல் கடந்து விடுமுறையைக் கழித்துவரும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு.

அத்தகைய இளந்தம்பதியர் பயணத்துக்குமுன் ஆசி பெற வந்திருந்தனர். தாயின் தோளில் இரண்டு வயதுக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. உடன் வந்த பாட்டி கேட்டார்: “இந்தப் பச்சப்பிள்ளைக்கு என்ன சாமி நெனப்பு இருக்கப் போகுது? இந்தக் காசுக்குப் பிளவக்கல்லுக்கு நூறு தடவ போயிட்டு வரலாமே!” மகன் சிரித்துக்கொண்டே, “அதுக்குத்தாம்மா போட்டோ எடுக்கப் போறோம்” என்றார்.

பாட்டியின் கேள்வி சிக்கனத்தைப் பற்றியது மட்டுமன்று. பெறுகின்றவர் நினைவில் வைத்திருக்க இயலாத நன்மையால் பயன் உண்டா? அவ்வாறாயின், குழந்தையின் பெயரைச் சொல்லி நாம் செய்யும் பயணம் உண்மையில் யாருக்காக?

மூன்று வயதுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகள் பெரும்பாலோர்க்கு நினைவில் நிற்பதில்லை என்பது உளவியலார் கண்ட உண்மை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே புனித அகுஸ்தீனார் இதைச் சிந்தித்தார். தம் குழந்தைப் பருவத்தைத் தாம் அறியவில்லை என்றும், பிறர் சொல்லக் கேட்டும் மற்றக் குழந்தைகளைப் பார்த்துமே அதனை நம்புவதாகவும் தம் ‘ஒப்புகைகள்’ நூலில் எழுதினார். ஆயினும் நினைவில் இல்லாத அந்தத் தாய்ப்பாலுக்காக அவர் இறைவனைப் புகழ்ந்தார். நினைவு இல்லை என்பதால் நன்மையும் இல்லை என்று அவர் முடிவு கட்டவில்லை.

திருச்சபையின் நடைமுறையும் இதுவே. நாம் கைக்குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம். தலையில் ஊற்றப்பட்ட நீரின் குளிர்ச்சி அக்குழந்தைக்கு நினைவிராது. திருமண ஓலை எழுதும் நாளில் பதிவேட்டைப் புரட்டித்தான் நாளையும் ஆண்டையும் அறிகிறது. ஆனால் அருள், நினைவைக் கேட்டுக்கொண்டு வருவதன்று. பிளவக்கல் அணைநீர் கால்வாய் வழியே கண்மாயை நிரப்பி, வயலில் பாய்ந்து நெல்லாகிறது. நெல்மணியைப் பிளந்து பார்த்தால் அணை தெரியாது. அதனால் அணை இல்லையென்று சொல்லிவிடலாமா?

ஆகவே, ‘குழந்தைக்கு நினைவிராது’ என்பதனாலேயே பயணம் வீண் என்று கூற இயலாது. எனினும் குழந்தை பெற்றுக்கொள்வது எதை என்பதை நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் மண்டாய் விலங்குக் காட்சிச்சாலையின் ஒராங்குட்டான் குரங்கும், பிளவக்கல்லின் மரக்கிளையில் தாவும் சாதாரணக் குரங்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரே வியப்பையே தருகின்றன. தொலைவும் செலவும் அதன் கணக்கில் சேர்வதில்லை. தந்தையின் தோள் உயரத்திலிருந்து உலகைப் பார்த்ததும், வேறு வேலை எதுவுமின்றித் தாய் தன் முகத்தையே பார்த்திருந்ததுமே அதற்குள் இறங்கி உரமாகின்றன. அந்த முகம் கைப்பேசித் திரைக்குத் திரும்பிவிடுமானால், குழந்தை சிங்கப்பூரில் இருந்தும் எதையும் பெறவில்லை.

‘அப்படியானால் பிளவக்கல்லே போதுமே, கடல் கடப்பானேன்?’ என்று கேட்கலாம். சிறு குழந்தைக்குப் போதும். சற்று வளர்ந்த பிள்ளைக்கு அயல்நாடு தரக்கூடிய நன்மை ஒன்று உண்டு: தன் ஊர் மட்டுமே உலகம் அன்று என்ற பணிவு. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டு 1888-இல் நிறைவுற்ற லூர்து அன்னை ஆலயம் உள்ளது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த நம்மவர் விசுவாசத்தையும் உடன் சுமந்து சென்றதற்கு அது சான்று. ஒரு ஞாயிறன்று அங்கே பிள்ளையோடு முழந்தாளிடுவது கடைவீதி தராத பாடத்தைத் தரும்.

ஓய்வையும் இன்பத்தையும் நம் மரபு வெறுக்கவில்லை. உள்ளத்துக்கு விளையாட்டு தேவை என்று கற்பித்த புனித தோமா அக்குவினார், திருத்தூதர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை எடுத்துரைக்கிறார். சீடரோடு அவர் விளையாடக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவரோ வில் வைத்திருந்த ஒருவரிடம், ‘இடைவிடாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா?’ என வினவினார். ‘வில் முறிந்துவிடும்’ என்றார் அவர். மனமும் அவ்வாறே என்று திருத்தூதர் விளக்கினாராம்.

ஆனால் விவிலியத்தில் ஓய்வு தனியொருவரின் சொத்தன்று. இணைச்சட்ட நூல் கூறும் ஓய்வுநாள் கட்டளையில் வீட்டுத் தலைவனோடு பணியாளனும் பணிப்பெண்ணும் அந்நியனும் மாடும் கழுதையுங்கூட இளைப்பாற வேண்டும். நம் விடுமுறையை இக்கட்டளையின் முன் நிறுத்திப் பார்ப்போம். நாம் ஊரில் இல்லாத நாள்களில் நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலி உண்டா? திரும்பி வந்தபின் மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளை பேசும் பேச்சு, அருகில் அமர்ந்திருக்கும் நூற்பாலைத் தொழிலாளியின் பிள்ளையைக் கூனிக்குறுக வைக்கிறதா? அந்த வீட்டுத் தந்தை, தன் பிள்ளையும் தாழ்ந்துபோகக் கூடாதென்று வட்டிக்குக் கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுப்பாராயின், அந்தக் கடனில் நமக்கும் பங்கு உண்டு.

திருக்குடும்பமும் கைக்குழந்தையோடு அயல்நாடு சென்றது. ஆனால் அது விடுமுறைப் பயணம் அன்று. ஏரோதுக்கு அஞ்சி இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய ஓட்டம். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் அடைக்கலம் புகுந்த குடும்பங்களிலும் கைக்குழந்தைகள் இருந்தன. அக்குழந்தைகளுக்குக் கடல் நினைவில் இல்லை. தம்மை மார்போடு அணைத்திருந்த கைகளும் நினைவில் இல்லை. ஆயினும் அந்தக் கைகளால்தான் அவர்கள் வாழ்கிறார்கள். மகிழ்ச்சிப் பயணத்தில் இருப்போர், வேறு வழியின்றிப் பயணப்பட்டோரை மறவாதிருப்பது அறம்.

பிள்ளையின் நினைவில் நில்லாதது எங்கே தங்குகிறது? லூக்கா நற்செய்தி விடை தருகிறது: இயேசுவின் குழந்தைப் பருவத்து நிகழ்ச்சிகளை அன்னை மரியா தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார். குழந்தைக்காக நினைவைச் சுமப்பது பெற்றோரின் பணி. படங்கள் அதற்குத் துணைநிற்கலாம், ஈடாக மாட்டா.

பன்னிரண்டு வயதில் எருசலேமுக்குச் சென்ற இயேசு காணாமற்போய், மூன்றாம் நாள் கோவிலில் கண்டெடுக்கப்பட்டார். உறவினரும் அறிமுகமானோரும் சேர்ந்து சென்ற பயணம் அது. அப்பயணத்தின் முடிவாக நற்செய்தியாளர் காட்டுவது கோவிலின் மாட்சியை அன்று. மகன் பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பிச் சென்று அவர்களுக்குப் பணிந்து நடந்ததையே காட்டுகிறார்.

பிளவக்கல்லோ சிங்கப்பூரோ, எங்குச் சென்று வந்தாலும் நம் வீட்டுப் பயணங்களுக்கும் இதுவே அளவுகோலாகட்டும். பெட்டிகளைப் பிரித்து வைத்த மறுநாள், வீட்டில் ஒருவருக்கொருவர் முன்னிலும் பொறுமையாய்ப் பேசுகிறோமா? மாலைச் செபத்துக்குச் சேர்ந்து அமர்கிறோமா? ஆம் எனில், குழந்தை எதையும் நினைவில் வைத்திராவிட்டாலும் அப்பயணம் வீண்போகவில்லை.