பிடித்து விடுதல் அருளாமோ?

மீனைத் தூண்டிலிற் பிடித்து, உண்ணாமலும் விற்காமலும், பிடித்த நீரிலேயே உயிரோடு மீள விட்டுவிடும் ஒருவன் செய்கை புண்ணியமோ, பாவமோ, இரண்டும் அன்றோ என்னும் வினா நம்மனோர்க்குச் சிறிது புதுமையாகத் தோன்றும். கொல்லாமையைப் பற்றி நாம் ஆராயும் இடங்களிலெல்லாம் கொல்வான் ஒருவனும் தின்பான் ஒருவனுமே நம் எதிரில் நிற்பர். கொல்லவுங் கருதாது, தின்னவுங் கருதாது, ஓர் உயிரைத் துரத்திப் பற்றுவான் ஒருவன் அங்கே இடம்பெறுதல் அரிது. அத்தகையார் ஒருவரோடு நான்கு நாள் அடுத்தடுத்த கூடாரங்களிற் றங்கி, அவர் கைக்கோலை எம் பேரன் வாங்கிப் பிடித்ததையுங் கண்ட பின்னர், இவ்வினா எமக்கு ஏட்டு வினாவாக இராமல் வீட்டு வினா ஆயிற்று.

எம் மகள் அமெரிக்க நாட்டுச் சால்ட் லேக் நகரில் தன் கணவரோடும் ஒன்பதாண்டு மகனோடும் வாழ்கின்றாள். யாம் அங்குச் சென்றிருந்தபோது, ஆனித் திங்களில், பக்கத்து வீட்டுக் குடும்பத்தாரோடு சேர்ந்து யெல்லோஸ்டோன் என்னும் மலைநாட்டுக்குக் கூடாரமிட்டுத் தங்கச் சென்றனர்; எம்மையும் உடன் அழைத்தனர். 1872 ஆம் ஆண்டில் உலகத்துக்கு முதல் தேசியப் பூங்காவாக வகுக்கப்பட்ட பெருநிலம் அது. அதன் நடுவே கடல்மட்டத்துக்கு 7,700 அடிக்கு மேல், ஏறத்தாழ 350 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் ஓர் ஏரி உளது. கீழ்த்திசை மலைகளில் அந்நாளிலும் பனி உருகவில்லை. இரவில் நீர் உறையுமளவு குளிர். கரடிகள் திரியும் காடாதலின், உணவுப் பொருளும், வாசனையுள்ள பிற பொருளும், பல் துலக்கும் பசை முதலாக, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும் என்பது விதி. எம் திருநீற்றுப் பையையும் மருகர் ஐயுற்று அப்பெட்டியுள் வைக்கப் புகுந்தார். வாசனை சேராத வெண்ணீறே அஃது என்று சொல்லி மீட்டுக்கொண்டேம்.

இக்கூடார வாழ்க்கையை யாம் இகழ்ந்துரைக்கப் புகுந்தேமல்லேம். நகரத்தில் ஒரு வீட்டுள் நால்வர் நான்கு அறைகளில் நான்கு திரைகளை நோக்கியிருப்பர். அங்கோ, ஒரே தீயைச் சுற்றி மூன்று தலைமுறை அமர்ந்தது. விளக்கில்லை, ஆதலால் விண்மீன் தெரிந்தது. கதை கேட்கச் சிறுவர்க்குப் பொழுதிருந்தது. சொல்ல எமக்கும் நாவிருந்தது. இந்நன்மையை மறைத்து வழக்குரைப்பது நடுவுநிலை ஆகாது.

பக்கத்து வீட்டுக்காரர் டிரவுட் என்னும் மீனைத் தூண்டிலிற் பிடிப்பதில் நீண்ட பழக்கமுடையவர். இறகும் நூலுங்கொண்டு கட்டிய பொய் ஈயே அவருக்கு இரை. தூண்டில் முள்ளில் எதிர்முள் இல்லை. அப்பூங்காவின் விதி அது. அவ்வேரிக்கு உரிய பழம்பிறப்பான டிரவுட் ஒன்று உண்டு. தாடையின் கீழ்ச் செங்கீற்று உடைமையால், கழுத்தறுபட்டது என்னும் பொருள்பட அதற்கு ஆங்கிலத்தார் பெயரிட்டனர். யாம் அதனைச் செங்கீற்று மீன் என்பாம். அதனைப் பிடித்தவர் எவராயினும் உயிரோடு விட்டுவிடுதல் வேண்டும் என்பதும் விதி. இவர் விதிக்கு அஞ்சி விடுபவர் அல்லர். மீனின் மேலுள்ள வழுவழுப்பு அதன் காப்பு என்று தம் கையை முதலில் நனைத்துக்கொள்வார். நீருக்கு மேலே தூக்காமலே முள்ளைக் கழற்றுவார். மயங்கிய மீன் தானே நீந்திப் போகும்வரை தாங்கிப் பிடிப்பார். இரண்டாம் நாட் காலையில் எம் பேரன் அவர் கோலை வாங்கி ஒரு மீனைப் பிடித்தான். கோல் வளைந்தபோது அவன் முகத்திற் கண்ட மகிழ்ச்சியையும், கரையோரத்தில் அம்மீன் வாய் திறந்து திறந்து மூடியதையும் யாம் ஒருங்கே கண்டேம். பிறந்த நாள் முதல் புலால் அறியாத பிள்ளை அவன்.

அன்றிரவு தீயருகே அவனுக்கு அதிபத்த நாயனார் வரலாற்றைச் சொன்னேம். நாகப்பட்டினத்து நுளையர் தலைவர், நாடோறும் வலையிற்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டதும், ஒரு மீனே அகப்பட்ட நாள்களிலும் அதனை விட்டுத் தாமும் சுற்றமும் பசித்திருந்ததும், பின்னர்ப் பொன்மீன் அகப்பட்டபோதும் அதனையும் விட்டதும் சொல்லி முடித்தேம். எம் உட்கருத்து, காலையில் அவன் செய்ததை அவனே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது. அவன் எண்ணித்தான் பார்த்தான். “தாத்தா, அவர் ஒரு மீனைத்தானே விட்டார்? இவர் எல்லா மீனையும் விடுகிறாரே! அப்படியானால் இவர் இன்னும் பெரிய நாயனார் இல்லையா?” என்றான். மருகர் சிரித்தார். எமக்கு உடனே விடை வரவில்லை. நாற்பதாண்டு புராணஞ் சொன்ன நாவுக்கு இஃது ஒரு நல்ல தண்டனை.

அவ்விடையை இப்பொழுது ஆராய்வாம். விடுதல் என்னும் தொழில் இருவர்க்கும் ஒன்றே. விடப்பட்ட பொருளும் மீனே. வேறுபாடு யாண்டையதெனின், விடுவான் தனக்கென்று எதனை வைத்துக்கொண்டான் என்பதில் உளது. அதிபத்தர்க்கு மீனின் பயன் உணவும் பொருளும். அவர் விட்டது அப்பயனை. தூண்டிற்காரர்க்கு மீனின் பயன் உணவன்று. கோல் வளைவதும், நரம்பு இழுபடுவதும், கையில் ஓர் உயிர் துடிப்பதை உணர்வதுமே பயன். அப்பயனை அவர் முற்றும் நுகர்ந்த பின்னரே மீனை விடுகின்றார். உண்ணவேண்டியதை உண்டு முடித்து இலையை எறிந்தவனைக் கொடையாளி என்பார் யார்?

அற்றன்று, அவர் மகிழ்வது மீனின் துன்பத்திலன்று, தம் கைத்திறத்திலும் நீரின் அமைதியிலும் மலைக்காட்சியிலுமே எனின், அதுவும் ஓரளவு மெய்யே. அவர் முகத்திற் கொடுமை இல்லை. எந்த நீரில் எந்த ஈ எப்பொழுது பறக்கும் என்பதை அவர் அறிந்த அளவு அறிந்தாரை யாம் அங்குக் கண்டிலேம். ஏரிக்குக் கேடு வருமெனின் முதலில் வருந்துவாரும் அவரைப் போல்வாரே. ஆயினும், திறமும் அமைதியும் காட்சியுமே பயனாயின், முள் இல்லாமலும் அவை நிறைவுற வேண்டும். முள் இன்றியமையாதது எதற்கு? அந்தத் துடிப்புக்கே. துடிப்பு என்று அவர் சொல்வதற்கு மீனின் பக்கத்திற் பெயர் அச்சம் என்பதே.

மீனுக்கு நோவு உண்டோ என்பது மேனாட்டு அறிஞரிடையே பெரு வழக்காக நிகழ்கின்றது. 2003 ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் உடனாய்வாளரும், வானவில் டிரவுட் என்னும் மீனின் முகத்தில் ஊறு உணரும் நரம்புமுனைகள் உள்ளமையைக் காட்டினர். உதட்டில் தேனீ நஞ்சும் புளிக்காடியின் அமிலமும் செலுத்தப்பட்ட மீன்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரை கொள்ளவில்லை. அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைத் தொட்டியின் பரலில் தேய்த்துக்கொண்டன. (இதனை அறிதற்கு அம்மீன்கள் பட்ட பாட்டையும் நினைக்க.) ஜேம்ஸ் ரோஸ் என்பார் இதனை மறுத்து, மக்கள் மூளையின் மேற்புறணி போல்வது மீனுக்கு இன்மையால் நோவென்னும் உணர்வு அதற்கு இல்லை என்றார்.

சித்தாந்தியர்க்கு இவ்வழக்கு முழுதும் அயலதன்று. அறிவது ஆன்மா, மூளையும் பொறியும் கருவி. கருவி இல்லையென்றதனால் அறிபவன் இல்லையென்று முடிப்பது, விளக்கு அவிந்த வீட்டில் ஆளில்லை என்பதனோடு ஒக்கும். ஆனால், கட்டுநிலையில் ஆன்மாவின் அறிவு கருவியின் வழியாகவே விளங்கும் என்பதும் நம் கோட்பாடே ஆதலால், கருவி குறைந்த உயிர்க்கு நுகர்ச்சியும் குறையும் என்று ரோஸ் கட்சியார் கூறின், அதனை நாம் எளிதில் தள்ளிவிடல் ஆகாது. குறைவு என்பது இன்மை ஆகாது என்னும் அளவிலே நிற்போம். முட்டையிற்பிறந்து நீரில் வாழும் அவ்வுயிரும் தன் வினைக்கேற்ற உடம்பெடுத்து வந்த வழிப்போக்கனே, நம்மைப் போல.

நாடுகளின் சட்டங்களும் இதில் மாறுபடுகின்றன. யெல்லோஸ்டோனில் செங்கீற்று மீனை விடாமை குற்றம். சுவிட்சர்லாந்திலோ, 2008 ஆம் ஆண்டின் விலங்குக் காப்பு விதிகள், திரும்ப விடுங் கருத்தோடு தூண்டிலிடுதலைக் குற்றமாக்கின. ஜெர்மனியின் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தக்க காரணமின்றி விலங்குக்கு நோவு செய்தலைத் தடுக்கின்றது. உணவு தக்க காரணம், விளையாட்டு அன்று என்பது அங்குள்ளார் கொள்கை. இவற்றுள் எது சிறந்தது? மீனைக் கேட்பின் அமெரிக்கச் சட்டத்தையே விரும்பும், ஐயமில்லை. செய்பவன் வினையைக் கேட்பின், குற்றம் எவ்விடத்தில் உளது என்பதை மற்றை நாட்டார் கூர்ந்து கண்டனர் என்றே கூறுவேம். மீனின் முடிவில் அன்று, முள் வாயிற் புகும் அந்நொடியில், அதற்கும் முன்னே, முள்ளை எறிய எண்ணிய மனத்தில், ஆகாமியம் தொடங்கிவிடுகின்றது. பின்னர் நனைந்த கையால் விடுவது அவ்வினைக்குக் கழுவாயின் ஒரு பகுதி ஆகலாம். அருள் ஆதல் இல்லை. இவ்வளவும் யாம் துணிந்து கூறுவேம்.

துணிய மாட்டாதது வேறொன்று உளது. மூன்றாம் நாள் அவர் தூண்டிலில் வேறுவகை மீன் ஒன்று பட்டது. ஏரி டிரவுட் என்பது அதன் பெயர். அதனை அவர் விடவில்லை. கரைக்கு இழுத்து, தலையில் ஒரே அடி அடித்துக் கொன்றார். முதல் நாள் கையை நனைத்தவரும் அவரே. அவ்வேரியில் பிடிபடும் ஏரி டிரவுட்டை உயிரோடு விடுதல் குற்றம் என்பது அவ்விடத்து விதி. காரணம் கேட்டேம். அது அவ்வேரிக்கு உரியதன்று. 1890 ஆம் ஆண்டில், தூண்டிலாடுவார் இன்பங் கருதி, அரசின் மீன்துறையார் அதனை அப்பூங்காவின் வேறிரண்டு ஏரிகளிற் கொணர்ந்து விட்டனர். இவ்வேரியில் 1994 ஆம் ஆண்டில் அது காணப்பட்டது. அது செங்கீற்று மீனைத் தின்று பெருகுகின்றது. செங்கீற்று மீன் முட்டையிடச் சிற்றாறுகளில் ஏறிவரும். கரடியும் நீர்நாயும் பருந்தினப் பறவையும் அதனை உண்டு வாழும். ஏரி டிரவுட்டோ ஆழத்தில் வாழ்ந்து ஏரியிலேயே முட்டையிடுவது. அக்கரடிக்கும் பறவைக்கும் அது எட்டாது. ஆகவே ஒரு மீன் அழியின் அதனோடு பல உயிரின் உணவு அழிகின்றது. அதனைத் தடுக்கப் பூங்காவினர் வலையிட்டுக் கொன்ற ஏரி டிரவுட் 40 இலட்சத்துக்கு மேல்.

இதனை மறக்கருணை என்று சிலர் சொல்லக்கூடும். யாம் அச்சொல்லை இங்கே வழங்க அஞ்சுகின்றேம். மறக்கருணை மலமற்ற முதல்வனுக்கு உரியது; மலத்துட் கிடக்கும் நாம் கொல்லும்போது நம் கொலைக்கு அப்பெயரிட்டுக்கொள்வது எளிது, இனிது, ஆகவே இடருடையது. மற்று, கொல்லாது விடுக எனின், செங்கீற்று மீனும் கரடியும் பறவையும் மெலிவதைக் கைகட்டிப் பார்த்திருத்தலும் அருளெனப்படுமோ? முதற் குற்றம் 1890 இல் ஏரிகளில் மீன் சொரிந்த கையினது. பிறரின் விளையாட்டுக்காகத் தான் பிறவாத நீரில் விடப்பட்ட அம்மீன் செய்த பிழை யாது? நம் நீலமலையிலும் ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பித்து ஓடைகளில் விட்ட டிரவுட்டும் அவ்வாறு தூண்டிலுக்காகவே வந்த மீன் என்பதை ஈண்டு நினைவுகூர்க. மகிழ்ச்சியின்றி, பிற உயிர்கள் பொருட்டு, வேறு வழி காணாது கொல்பவனுக்கு வினை மெலிதாகும் என்று எண்ணுகின்றேம். இல்லையாகும் என்று எழுத எம் எழுத்தாணி எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் அப்பொழுது மகிழ்ச்சி இல்லை என்பதை மட்டும் சான்றுரைப்பேம். அதனை அவர்கள் சமைத்தனர். நாங்கள் எம் அடுப்பைக் காற்றுக்கு மேற்பக்கம் மாற்றிக்கொண்டேம்.

பேரனுக்கு விடை சொல்லியாக வேண்டுமே. கோலைத் தொடாதே என்று கட்டளையிடலாம். எம் மகளும் அதனையே எதிர்பார்த்தாள். யாம் அதிபத்தர் விட்டதற்கும் இவர் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அவன் மொழியிற் சொல்லி நிறுத்தினேம். நான்காம் நாட் காலையில் அவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டான். அவர் சிறிது நேரம் அவனை நோக்கியிருந்து, குறடு எடுத்து, பொய் ஈயின் முள்வளைவை நறுக்கிக் கொடுத்தார். தூண்டிலாடுவாருள்ளும் சிலர் அவ்வாறு செய்வதுண்டு என்றார். பையன் முள்ளில்லா ஈயை எறிந்தான். செங்கீற்று மீன் ஒன்று எழுந்து அதனைக் கவ்வி, உமிழ்ந்து, மறைந்தது. மீண்டும் எறிந்தான், மீண்டும் எழுந்தது. அவன் குதித்த குதிப்பில் முதல் நாளைய மகிழ்ச்சிக்கு ஒரு குறைவும் இல்லை.

பின்னர் எம்மிடம் ஓடிவந்து, “தாத்தா, இப்போது சரிதானே?” என்றான். முள் இல்லை, நோவு இல்லை. ஆயினும் பசித்த உயிருக்கு இறகையும் நூலையும் இரையென்று காட்டுவது வாய்மையோடு பொருந்துமோ என்று எம்முள் ஒரு தடை எழுந்தது. அதனை அப்பொழுது சொல்ல மனம் வரவில்லை. இப்பத்திரிகை படிக்கும் அறிஞர் இதனை ஆராய்ந்து எழுதுவாராயின் நன்றியோடு ஏற்போம். பையன் அடுத்த கோடைக்குள் விடை வேண்டும் என்று எமக்கு எழுதியிருக்கின்றான்.