குடித்தால், குடியால்

முதல் மிடறில்தான் வருகிறது. வலது காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்புகிற மூலையில், உள்ளேயிருந்து யாரோ ஒரு திருகாணியை அரைச் சுற்று முடுக்கியது போல. பத்துப் பதினைந்து விநாடி நிற்கும். இரண்டாவது மிடறில் பாதி. மூன்றாவதில் அநேகமாக இல்லை. பல்லில் சொத்தை கிடையாது. தொட்டுப் பார்த்தால் வீக்கம் கிடையாது. மறுநாள் காலையில் தாடையை எப்படி அசைத்தாலும் அது அங்கே வந்து போனதற்கான தடயம் கிடையாது. பிராந்தியோ பீரோ, எதுவானாலும் இதே கதை.

இந்த வலியைச் சொல்ல முயலும்போது தமிழ் ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுக்கிறது. 'நான் குடிக்கிறேன்' என்கிறோம். 'நான் வலிக்கிறேன்' என்று சொல்ல முடியாது. 'எனக்கு வலிக்கிறது', இன்னும் சரியாகச் சொன்னால் 'எனக்குத் தாடை வலிக்கிறது.' எழுவாய் தாடை. நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன். பசி, தூக்கம், கோபம், காய்ச்சல் எல்லாம் நமக்கு இப்படித்தான் வருகின்றன. ஆக, 'நான் குடித்தால் எனக்கு வலிக்கிறது' என்ற வாக்கியத்தின் முன்பாதியில் செய்கிறவனாக இருப்பவன் பின்பாதியில் வந்ததை வாங்கிக்கொள்கிறவனாக மாறிவிடுகிறான். இந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டுவது ஓர் 'ஆல்.' நான் பேச விரும்புவது அந்த 'ஆல்' பற்றி.

'குடித்தால் வலிக்கிறது' என்பது கண்டதைச் சொல்வது. இது நடக்கும்போது அது நடக்கிறது, அவ்வளவே. 'குடியால் வலிக்கிறது' என்பது வேறு. இங்கே மூன்றாம் வேற்றுமை வந்துவிட்டது, அதனோடு காரணமும் வந்துவிட்டது. போதாதற்கு, குடித்தல் என்ற செயல் 'குடி' என்று உறைந்தவுடன் கூடவே ஒரு நீதிமன்றமும் கூடிவிடுகிறது. குடிகாரன் கூண்டில் ஏறுகிறான். குடியால் அழிந்த குடும்பங்கள் சாட்சி சொல்ல வரிசையில் நிற்கின்றன. முதல் 'ஆல்' நிபந்தனை. இரண்டாவது 'ஆல்' தீர்ப்பு. ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் நான் முதலாவதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது என் சொந்தப் பலவீனம் மட்டும் என்று தோன்றவில்லை. மது என்பது நம்மிடையே ஒருபோதும் வெறும் திரவத்தின் பெயராக இருந்ததில்லை. குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1971இல் தமிழ்நாட்டில் அது தளர்த்தப்பட்டது, சில வருஷங்களில் திரும்பி வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 2003இல் சில்லறைக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. பாவம், குற்றம், வருமானம் என்று மாறி மாறிப் பெயர் வாங்கிய ஒரு பொருளை வாயில் வைத்துக்கொண்டு, தாடை வலிக்கிறது என்பதை வெறும் தாடை விஷயமாகப் பார்ப்பது லேசான காரியமில்லை.

எனவே தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டனை என்றால் கணக்கு ஒன்று எங்கோ ஒழுங்காக எழுதப்படுகிறது என்று அர்த்தம். யாரும் கவனிக்காமல் விடப்பட்டவனுக்கு வலி மட்டும்தான் வரும், தண்டனை வராது. குடியை நிறுத்தினேன். வலியும் நின்றது. நிரூபணமாகிவிட்டது என்று நினைத்தேன். குடித்தால் மட்டும் வருகிற வலி குடிக்காவிட்டால் வராது என்பது நிரூபணமல்ல, கூறியது கூறல் என்ற குற்றம் என்பது அப்போது உறைக்கவில்லை. (குடியை நிறுத்த நல்ல காரணங்கள் கல்லீரலில் தொடங்கிப் போதுமான அளவு இருக்கின்றன. இந்த வலி அவற்றில் ஒன்றா என்பது மட்டுமே இங்கே கேள்வி.)

வலிக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதில் பெரிய ஆசான் பிராய்ட். பிராயரும் அவரும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளில் செசிலி எம். என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு வருஷக்கணக்காக முகத்தில் நரம்பு வலி. பல்தான் காரணமென்று பற்களைப் பிடுங்கியும் பார்த்தார்கள், வலி போகவில்லை. பிராய்டோடு பேசிக்கொண்டே போகையில், கணவன் எப்போதோ சொன்ன ஒரு சொல் அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது என்பது வெளிவருகிறது. உவமை சதையில் இறங்கி வலியாக உட்கார்ந்துவிட்டது என்பது பிராய்டின் விளக்கம். எழுதுகிறவன் எவனும் மயங்கிவிடக்கூடிய விளக்கம். நானும் மயங்கினேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிய வார்த்தைகள் எத்தனை என்று கணக்கெடுக்க ஆரம்பித்தேன். குறையவா இருக்கும்?

ஆனால் பிராய்டின் கதையில் இன்னொரு தாடையும் இருக்கிறது. 1923 பிப்ரவரி வாக்கில் தன் தாடையிலும் அண்ணத்திலும் வலது பக்கம் ஏதோ தடித்திருப்பதை அவரே கண்டார். ஏறக்குறைய இரண்டு மாதம் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சுருட்டை விடச் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சமும் அந்த மௌனத்தில் உண்டென்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கருதுகிறார்கள். அது புற்றுநோய். அதை முதலில் பார்த்த மருத்துவர்களும் அந்தப் பெயரை அவரிடமிருந்து மறைத்தார்கள். அடுத்த 16 வருஷங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள், வாய்க்குள் பொருத்திய செயற்கை அண்ணம், அது உரசி உண்டான ஓயாத வாதனை. சுருட்டை அவர் விடவில்லை. 1939இல் லண்டனில் இறந்தார். அந்தப் பெண்ணின் முகவலிக்கு ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவர் தன் தாடைக்குக் கத்தியைத்தான் நாட வேண்டியிருந்தது. இதை அவர் மேல் ஒரு பரிகாசமாகச் சொல்லவில்லை. நாம் விரும்பும் ஒன்றோடு சேர்ந்து வருகிற அறிகுறியை மறைத்து வைக்கும் நிர்ப்பந்தம், மறைப்பவற்றைத் தோண்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்டவரையும் விடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நானும் மறைத்தேன். முதலில் ஒரு மருத்துவரிடம் போனபோது எப்போது வலிக்கிறது என்று கேட்டார். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். 'சாப்பிடும்போது' என்றேன். பல்லைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பொய்யான கேள்விக்கு உண்மையான பதில்.

பிறகு தற்செயலாகத் தெரிந்துகொண்டது ஒன்று. 1832இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் நிணநீர்க் கணுக்கள் பெருக்கும் ஒரு நோயை விவரித்தார். அவர் பெயரிலேயே வழங்கும் புற்றுநோய் அது. அந்நோய் கண்டவர்களில் மிகச் சிலருக்கு, கொஞ்சம் மது உள்ளே போன சில நிமிஷங்களில், நோய் பிடித்த கணு இருக்கும் இடத்தில் வலி எடுக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை. சிலரிடம் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே இந்த வலி வந்திருக்கிறது. குடித்து வலிக்கிற எல்லோருக்கும் அந்த நோய் இருப்பதில்லை, மிகப் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் இருந்துவிட்டால், காலத்தில் கண்டுகொண்டால், நன்றாகவே குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நோய் பயம் பாதிதான். மீதிப் பாதி வேறு. கழுத்தில் ஒரு கணு பெருத்துக்கொண்டிருக்கிற ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். குடித்தால் அது வலிக்கிறது. அவன் நல்லவன். மனச்சாட்சி உள்ளவன். இது தண்டனை என்று உணர்ந்து குடியை விட்டுவிடுகிறான். வலி நின்றுவிடுகிறது. திருந்திவிட்டோம் என்று அமைதியடைகிறான். கணு பெருத்துக்கொண்டே இருக்கிறது. செய்தி கொண்டு வந்தவனை நீதிபதி என்று நினைத்துக் காலில் விழுந்து அனுப்பி வைத்தாயிற்று. செய்தியை யாரும் கேட்கவில்லை. ஒழுக்கம் சில வேளைகளில் செவிடாக இருக்கக்கூடும் என்பது எனக்கு அன்றுதான் பட்டது.

இதற்கு நேர் எதிரான மயக்கம் ஒன்று நம்மைப் போன்றவர்களிடம் அதிகம். வலியை அணியாகப் பூட்டிக்கொள்வது. 'வலி' என்ற சொல்லுக்கே நம் மொழியில் வலிமை என்ற பொருளும் இருப்பது இதற்குத் தோதாகப் போய்விட்டது. குடித்து நோகிறவன் ஆழமானவன், அவன் உடம்பு காலத்தின் துயரத்தைப் பேசுகிறது என்றெல்லாம் ஒரு புராணம். அதை நம்பி உடம்பைக் கவனிக்காமல் விட்டவர்கள் நம் நடுவிலேயே இருந்தார்கள், இரங்கல் இதழ் போட்டோம். கவிதையில் மழை பெய்தால் அது எதன் குறியீடு என்று கேட்காமல் நமக்கு இருப்புக் கொள்ளாது. அதே வழக்கத்தை உடம்பிடமும் காட்டுகிறோம். தண்டனை என்று படிப்பவனும் தகுதி என்று படிப்பவனும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அறிகுறியை இருவரும் அர்த்தமாக மாற்றிவிடுகிறார்கள். அர்த்தம் கிடைத்தவுடன் விசாரணை நின்றுவிடுகிறது.

இரண்டாவது முறை தனியாக வேறொரு மருத்துவரிடம் போய் 'குடித்தால் வலிக்கிறது' என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேலே என் வயதை எழுதிய அதே பேனாவால் அதையும் எழுதிக்கொண்டார். கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயத்தின் வலி சிலருக்குத் தாடையில் தெரியும் என்று ஈ.சி.ஜி.யும் எடுத்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையின் ஓரத்தில் வைத்த மாங்காய் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்ததும் அதே மூலையில் அதே திருகாணி. பத்து விநாடி. இரண்டாவது முறை பாதி. பக்கத்து இலைக்காரர் 'காரமா?' என்று கேட்டார். தலையாட்டினேன். மனைவிக்கு முன்னால் நான் சொன்ன பொய் தானாகவே வந்து உண்மையாகிவிட்டது. ஊறுகாய்க்குத் தண்டனை என்று எந்த தர்ம சாஸ்திரமும் சொல்லாது. விழுங்கிய வார்த்தைகளின் கணக்கும் மாங்காயிடம் செல்லாது.

மருத்துவரிடம் சொன்னேன். காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம் என்றார். முதல் கவளத்தில் மட்டும் அங்கே சுளீரென்று வலித்து, மெல்ல மெல்லக் குறையும் ஒரு நிலைக்கு 1986இல் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தச் சுரப்பிக்குப் போகும் நரம்புகளில் ஒரு வகை அறுந்துபோனால், உமிழ்நீர் ஊறும் முதல் கணத்தில் சுரப்பி தாறுமாறாகச் சுருங்கி வலிக்கிறது என்பது ஊகம். ஆனால் அது பெரும்பாலும் கழுத்தில் அறுவை நடந்தவர்களுக்கு வருவது. எனக்கு எந்த அறுவையும் நடக்கவில்லை. அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கவனித்துக்கொண்டிருப்போம் என்றார்.

எனவே காரணம் இன்னும் தெரியவில்லை. தெரியாது என்பதோடு இருக்கப் பழகுவது ஞானமென்று சொல்ல மாட்டேன். அது அலுப்பான வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுத்தைத் தடவிப் பார்க்கக் கொடுத்துவிட்டு வருகிற வேலை. அதில் நான் செய்யக்கூடியதாக எனக்குத் தெரிவது ஒன்றுதான்: நிபந்தனையை நிபந்தனையாகவே வைத்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல், கேட்டுக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் அதைச் சொல்லிவிடுவது. தீர்ப்பெழுதும் உரிமை தாடைக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

போன முறை மருத்துவர் கேட்டார்:

'இன்னும் வருதா?'

'வருது டாக்டர்.'

'எப்போ?'

மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.

'குடித்தால். ஊறுகாய் சாப்பிட்டால்.'

எழுதிக்கொண்டார்.